‘ஒன்லி’யை எங்கே வைப்பது? பெங்களூரு மாலை வகுப்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அல்சூர் ஏரிக்கரையிலிருந்து நடந்து போகும் தொலைவில், ஒரு வீட்டின் மாடியறையில், வாரத்தில் மூன்று நாள் மாலையில் பேச்சு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்து வருகிறேன். மர்பி டவுன், சிவாஜிநகர், ஸ்ரீராமபுரம் பக்கங்களிலிருந்து வருகிறவர்கள், வீட்டில் தமிழும், கடைத்தெருவிலும் பேருந்திலும் கன்னடமும், வேலை செய்யும் இடத்தில் ஆங்கிலமுமாக நாளைக் கழிப்பவர்கள். காலம், ஒருமை பன்மை என்று எந்தப் பிழையைச் சுட்டிக்காட்டினாலும் சில வாரங்களில் சரியாகிவிடுகிறது; ‘ஒன்லி’ மட்டும் சரியாவதில்லை. அந்த ஒரு சொல்லைப் பற்றி அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன். ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே கொடுத்திருப்பதால், வாய்விட்டுப் படித்தால் எளிதில் விளங்கும்.

‘ஒன்லி’ என்பதற்குத் தமிழில் என்ன பொருள்?

‘மட்டும்’ என்பதே பொருள். பலவற்றுள் ஒன்றைப் பிரித்தெடுத்து, மற்றவற்றை விலக்கிவிடுவது இச்சொல்லின் வேலை. ‘ஒன்லி முருகன் கேம்’ என்றால் முருகன் மட்டும் வந்தான், வேறு எவரும் வரவில்லை. எண்ணுக்கு முன்னால் வந்தால் ‘இவ்வளவு குறைவு’ என்ற குறிப்பும் சேர்ந்துகொள்ளும். ‘ஒன்லி த்ரீ பீப்பிள் கேம்’ என்பது ‘மூன்றே பேர் வந்தார்கள்’ என்பதாகும். பெயர்ச்சொல்லுக்கு முன்னால் ‘தி ஒன்லி வே’ என்று வந்தால் ‘ஒரே வழி’. எந்த அகராதியைப் புரட்டினாலும் இவ்வளவு கிடைக்கும். ஆனால் நம்மவர்களின் சிக்கல் ‘மட்டும்’ என்ற சொல்லிலிருந்து வருவதில்லை, ‘தான்’ என்ற சொல்லிலிருந்து வருகிறது.

‘நான் இங்கேதான் இருக்கிறேன்’ என்பதை ‘ஐ ஆம் ஹியர் ஒன்லி’ என்று சொன்னால் என்ன தவறு?

நாம் பேசும் தமிழில் ‘தான்’ இரண்டு வேலைகளைச் செய்கிறது. ‘மூன்று பேரில் இவன்தான் உண்மையைச் சொன்னான்’ என்னும்போது ஒருவனைப் பிரித்துக் காட்டுகிறது. ‘சொன்னால் நம்புங்கள், நான் வீட்டில்தான் இருக்கிறேன்’ என்னும்போது எதையும் பிரிக்கவில்லை, சொல்வதை உறுதிப்படுத்துகிறது. இந்த வேறுபாட்டை நம் இலக்கணம் பழங்காலத்திலேயே கண்டு பெயரும் வைத்திருக்கிறது. தொல்காப்பிய இடையியல், சொல்லோடு ஒட்டி வரும் ‘ஏ’ என்ற ஏகார இடைச்சொல்லுக்குத் தேற்றம் (உறுதிப்படுத்துவது), வினா, பிரிநிலை (பிரித்துக் காட்டுவது), எண், ஈற்றசை என ஐந்து பொருள் கூறுகிறது. நன்னூல் இசைநிறையையும் சேர்த்து ஆறாக்குகிறது. ஏகாரம் பார்த்துவந்த வேலைகளில் தேற்றத்தையும் பிரிநிலையையும் இன்றைய பேச்சில் பெரும்பாலும் ‘தான்’ ஏற்றுக்கொண்டுவிட்டது.

ஆங்கில ‘ஒன்லி’ பிரிநிலைச் சொல். தேற்றம் அதற்குத் தெரியாது. இந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். ‘ஐ ஆம் ஹியர் ஒன்லி’ என்று நாம் உறுதிப்பாட்டோடு சொல்வதை, ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர் ‘வேறெங்கும் இல்லாமல் இங்கே மட்டும் இருக்கிறேன்’ என்று கேட்டு, ஒரே ஆள் இரண்டு இடத்தில் எப்படி இருக்க முடியும் என்று விழிப்பார்.

வகுப்பில் ஒரு சோதனை வைத்திருக்கிறேன். சொல்ல வந்த தமிழ் வாக்கியத்தில் ‘தான்’ இருக்கும் இடத்தில் ‘மட்டும்’ போட்டுப் பாருங்கள். பொருள் மாறவில்லையென்றால் ‘ஒன்லி’ போடலாம், மாறிவிட்டால் போடக்கூடாது. ‘இங்கேதான் இருக்கிறேன்’ என்பது ‘இங்கே மட்டும் இருக்கிறேன்’ ஆகும்போது பொருள் கெடுகிறது. ஆகவே ‘ஒன்லி’ வேண்டாம். ‘உறுப்பினருக்குத்தான் அனுமதி’ என்பது ‘உறுப்பினருக்கு மட்டும் அனுமதி’ ஆகும்போது கெடவில்லை. ஆகவே ‘ஒன்லி’ சரி. இந்தச் சோதனைக்கு ஒரு விலக்கு உண்டு; அதைப் பின்னால் சொல்கிறேன்.

அப்படியானால் அந்தத் ‘தான்’ என்பதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது?

ஒரே சொல்லாகக் கிடைக்காது. பல இடங்களில் குரலே அந்த வேலையைச் செய்துவிடும். ‘ஐ ஆம் ஹியர்’ என்பதில் ‘ஆம்’ என்பதை அழுத்திச் சொன்னால் ‘இருக்கிறேன், சந்தேகம் வேண்டாம்’ என்ற தொனி வந்துவிடும். இடத்தைச் சுட்டுவதற்கு ‘ரைட் ஹியர்’ என்பது இருக்கிறது. ‘சொல்லத்தான் செய்தேன்’ என்பதற்கு ‘ஐ டிட் டெல் யூ’ என்று ‘டிட்’டைச் சேர்த்து அழுத்த வேண்டும். ‘அவர்தான் சொன்னார்’ என்று ஆளைச் சுட்டும்போது ‘இட் வாஸ் ஹிம்’ என்றோ, இன்னும் முறையாக ‘ஹீ வாஸ் தி ஒன் ஹூ டோல்ட் மீ’ என்றோ வாக்கியத்தையே மாற்றி அமைக்க வேண்டும்.

கடைசியாகச் சொன்னதை நான் அனுபவத்தில் கற்றேன். இருபது ஆண்டுகளுக்கு முன், லண்டனில் உள்ளவர்களுக்குக் கணக்கு வேலை செய்துகொடுக்கும் ஓர் அலுவலகத்தில் சேர்ந்த புதிதில், நான் தயாரித்து அனுப்பிய ஒரு கோப்பில் ஒரு தொகை தவறாகப் போய்விட்டது. அனுப்பியது யார் என்று அங்கிருந்து கேட்டார்கள். தவற்றை ஒப்புக்கொள்வதுதானே மரியாதை என்று நினைத்து, ‘நான்தான் அனுப்பினேன்’ என்ற பொருளில் ‘ஐ ஒன்லி சென்ட் தி ஃபைல்’ என்று எழுதினேன். பத்து நிமிடத்தில் பதில் வந்தது: அப்படியானால் தயாரித்தவர் யார்? நான் எழுதியது அவர்களுக்கு ‘நான் அனுப்ப மட்டுமே செய்தேன், மற்றதற்கு நான் பொறுப்பில்லை’ என்று பட்டிருக்கிறது. குற்றத்தை ஏற்றுக்கொள்ளப் போன வாக்கியம் கைகழுவுகிற வாக்கியமாக மாறிவிட்டது. ‘ஐ வாஸ் தி ஒன் ஹூ சென்ட் இட்’ என்று எழுதியிருந்தால் ஒரு தொல்லையும் வந்திருக்காது.

பெங்களூரில் எல்லோரும் அப்படித்தானே பேசுகிறார்கள்? இதுவரை யாரும் திருத்தவில்லையே?

திருத்த வேண்டியவரும் அதே தவற்றைச் செய்தால் யார் திருத்துவது? கன்னடத்திலும் தெலுங்கிலும் ஏகாரம் நம்முடையதைப் போலவே தேற்றத்துக்கு வருகிறது. ‘நான் இங்கேதான் இருக்கிறேன்’ என்பதைக் கன்னடத்தில் ‘நானு இல்லே இதீனி’ என்பார்கள். (ஊருக்குப் புதிதாக வந்த தமிழருக்கு அந்த ‘இல்லே’ காதில் விழுந்து, ஆள் இல்லை என்று நினைத்துத் திரும்பிப் போன கதைகள் இங்கே ஏராளம்.) சிவாஜிநகரில் பேசப்படும் தக்காணி உருதுவில் இதற்கு ‘இச்’ என்றொரு வால் உண்டு; இந்தியில் ‘ஹீ’ உண்டு. இந்த மொழிகள் எல்லாவற்றிலும் உறுதிப்படுத்தும் ஒட்டு சொல்லுக்குப் பின்னால்தான் ஒட்டிக்கொள்கிறது. ஆகவே தமிழரும் கன்னடியரும் தெலுங்கரும் வடக்கத்தியரும் சேர்ந்து உட்காரும் ஓர் அலுவலகத்தில் ‘ஹீ இஸ் லைக் தட் ஒன்லி’ என்று ஒருவர் சொன்னால், மற்ற அனைவரும் தத்தம் மொழியில் அதைச் சரியாகவே புரிந்துகொள்வார்கள். வெளிநாட்டிலிருந்து ஒருவர் அழைப்பில் சேரும்போதுதான் பிழை பிழையாகத் தெரிகிறது.

அப்படிப் பேசுவதை அடியோடு விட்டுவிட வேண்டுமா?

வேண்டாம் என்பதே என் கருத்து. ‘வீ ஆர் லைக் திஸ் ஒன்லி’ என்பது இந்திய ஆங்கிலத்தின் இயல்புகளில் ஒன்றென்று மொழியியலாளர்களே ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். அதில் ஓர் ஒட்டுறவு இருக்கிறது, கொஞ்சம் வேடிக்கையும் இருக்கிறது. தேநீர்க் கடை வாசலில் நண்பரோடு பேசும்போது அதைத் திருத்திக்கொண்டு நிற்பது வீண். ஆனால் ஐஇஎல்டிஎஸ் போன்ற ஆங்கிலத் திறன் தேர்விலும், வேலைக்கான நேர்காணலிலும், எழுத்தில் அனுப்பும் எதிலும் அதைத் தவிர்க்க வேண்டும். மேலே சொன்ன என் கோப்பைப் போல, பேச்சில் குரலும் முகமும் காப்பாற்றிவிடுவதை எழுத்து காப்பாற்றாது.

வாக்கியத்தில் ‘ஒன்லி’யை எந்த இடத்தில் வைக்க வேண்டும்?

தமிழில் ‘மட்டும்’ தான் சாரும் சொல்லுக்குப் பின்னால் வரும். ஆங்கிலத்தில் ‘ஒன்லி’ தான் சாரும் சொல்லுக்கு முன்னால் வரும். நம் கை பழக்கத்தில் பின்னால் போடுகிறது. கேட்பவரின் காது அடுத்த சொல்லோடு சேர்த்துக்கொள்கிறது. இதற்கு நான் கரும்பலகையில் எழுதும் வாக்கியம் ‘மை மதர் லென்ட் மீ டென் ருபீஸ்’ என்பது. அம்மா எனக்குப் பத்து ரூபாய் கடன் கொடுத்தார். ‘ஒன்லி மை மதர்’ என்று தொடங்கினால், வீட்டில் அம்மா ஒருவரே கொடுத்தார், அப்பாவும் அண்ணனும் கைவிரித்துவிட்டார்கள். ‘மை மதர் ஒன்லி லென்ட் மீ’ என்றால், கடனாகக் கொடுத்தாரே தவிர இனாமாகக் கொடுக்கவில்லை. ‘லென்ட் ஒன்லி மீ’ என்றால், எனக்கு மட்டும் கொடுத்தார், தம்பிக்கு இல்லை. ‘லென்ட் மீ ஒன்லி டென் ருபீஸ்’ என்றால், பத்தே ரூபாய் கொடுத்தார். இந்த வாக்கியத்தை எழுதும் நாளில், வீட்டில் யாருக்கு எவ்வளவு கிடைத்தது என்ற வழக்கு வகுப்பு முடியும்வரை ஓயாது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. ஆங்கிலேயர்களே பேச்சில் இந்த ஒழுங்கைக் கறாராகப் பின்பற்றுவதில்லை. ‘ஐ ஒன்லி ஹேவ் டென் ருபீஸ்’ என்று வினைக்கு முன்னால் வைத்துவிட்டு, ‘டென்’ என்பதை அழுத்திச் சொல்லிவிடுவார்கள்; பொருள் ‘பத்தே ரூபாய் இருக்கிறது’ என்பதே. இது பிழையென்று சண்டை பிடித்த இலக்கணக்காரர்களும் இருந்தார்கள். 1926இல் வெளிவந்த தம் ஆங்கில நடைக் கையேட்டில் ஃபௌலர் என்ற ஆங்கில அகராதியாளர், பேச்சில் இயல்பாக விழும் இடத்தில் ‘ஒன்லி’யை விட்டுவிடலாம், பொருள் மயங்காதவரை அதை இழுத்துப் பிடித்து நகர்த்த வேண்டியதில்லை என்று அந்தச் சண்டைக்காரர்களுக்குப் பதில் சொன்னார். அவர் சொன்னதே எனக்கும் சரியாகப் படுகிறது. ஆனாலும், கற்றுக்கொள்ளும் காலத்தில் சாரும் சொல்லுக்கு நேர் முன்னால் வைத்துப் பழகுங்கள். அந்த இடத்தில் வைத்தால் எவரும் குறை சொல்ல முடியாது.

‘டாக்டர் திங்கட்கிழமைதான் வருவார்’ என்பதற்கு ‘டாக்டர் வில் கம் ஆன் மண்டே ஒன்லி’ சரியா?

சரியில்லை. இது காசும் நேரமும் வீணாகும் பிழை. என்னிடம் படித்த ஒரு பெண் பல் மருத்துவமனை ஒன்றில் வரவேற்பில் வேலை பார்த்தார். வியாழக்கிழமை தொலைபேசியில் அழைத்த ஒரு வெளிநாட்டுக்காரரிடம் மேற்படி வாக்கியத்தைச் சொன்னார். அவர் சொல்ல நினைத்தது, டாக்டர் ஊரில் இல்லை, திங்கட்கிழமைக்கு முன் வரமாட்டார் என்பது. கேட்டவர் புரிந்துகொண்டது, இந்த டாக்டர் வாரத்தில் திங்கட்கிழமை ஒரு நாள் மட்டுமே வருகிறவர் என்பது. தமக்குத் திங்கட்கிழமை ஒத்துவராது என்று, செவ்வாய்க்கிழமைக்கு ஏற்கெனவே வாங்கிவைத்திருந்த நேரத்தையும் சேர்த்து ரத்து செய்துவிட்டார்.

‘அதற்கு முன் இல்லை’ என்ற பொருளில் வரும் ‘தான்’ என்பதற்கு ஆங்கிலத்தில் ‘நாட் அன்டில்’ என்ற அமைப்பு இருக்கிறது. ‘தி டாக்டர் வோன்ட் பி இன் அன்டில் மண்டே’ என்றால் குழப்பமே இல்லை. ‘சம்பளம் ஏழாம் தேதிதான் வரும்’, ‘தண்ணீர் சாயங்காலம்தான் விடுவார்கள்’ என்று நாம் நாள்தோறும் சொல்வதெல்லாம் இந்த அமைப்புக்குள்தான் போகும். உடன்பாட்டு வாக்கியத்தை எதிர்மறையாக்கிச் சொல்ல வேண்டியிருப்பதால் முதலில் நாக்கு தடுமாறும். நாலைந்து நாள் பழகினால் வந்துவிடும்.

‘இப்போதுதான் வந்தேன்’ என்பது ‘நவ் ஒன்லி ஐ கேம்’ ஆகாதா?

ஆகாது, ‘ஐ ஹேவ் ஒன்லி ஜஸ்ட் கம்’ அல்லது ‘ஐ ஜஸ்ட் கேம்’ என்பதே சரி. நான் முன்னால் சொன்ன விலக்கு இதுதான். ‘இப்போது மட்டும் வந்தேன்’ என்று மாற்றினால் பொருள் கெடுகிறது, ஆனாலும் ஆங்கிலத்தில் ‘ஒன்லி’ வருகிறது. இவ்வளவு சமீபத்தில் என்று காலத்தைக் குறுக்கிக் காட்டும்போது ‘தான்’ என்பதும் ‘ஒன்லி’ என்பதும் அபூர்வமாக ஒத்துப்போகின்றன. ‘நேற்றுத்தான் அவரைப் பார்த்தேன்’ என்பதை ‘ஐ சா ஹிம் ஒன்லி யெஸ்டர்டே’ என்று தாராளமாகச் சொல்லலாம். ‘நவ் ஒன்லி’ என்ற தொடரை மட்டும் மறந்துவிடுங்கள்.

‘ஒன்லி இஃப்’, ‘இஃப் ஒன்லி’ இரண்டும் ஒன்றா?

வடக்கும் தெற்கும் போன்றவை. ‘ஒன்லி இஃப்’ நிபந்தனை: ‘யூ கேன் ரைட் தி எக்ஸாம் ஒன்லி இஃப் யூ பே தி ஃபீஸ்’ என்றால், கட்டணம் கட்டினால்தான் தேர்வு எழுதலாம். ‘இஃப் ஒன்லி’ ஏக்கம்: ‘இஃப் ஒன்லி ஐ ஹேட் பெய்ட் தி ஃபீஸ்’ என்றால், கட்டணத்தைக் கட்டியிருக்கக்கூடாதா, கட்டாமல் விட்டேனே என்ற புலம்பல்.

இந்த ஏக்கத்துக்கு நம்மிடம் அச்சு அசலாக ஒரு வழக்கு இருப்பதை மாணவர்களுக்குச் சொன்னால் வியப்படைகிறார்கள். ‘நீங்கள் மட்டும் அன்றைக்கு வந்திருந்தால்’ என்கிறோமே, அந்த ‘மட்டும்’ மற்றவர்களை விலக்குவதில்லை, பெருமூச்சு விடுகிறது. ஆங்கிலத்திலும் விலக்கும் சொல்லே பெருமூச்சாகிறது: ‘இஃப் ஒன்லி யூ ஹேட் கம் தட் டே.’ ஆனால் ‘நீ மட்டும் அதைத் தொட்டாய் என்றால் பார்’ என்று பிள்ளையை மிரட்டும் ‘மட்டும்’ ஆங்கிலத்துக்குப் போகாது. அதற்கு ‘டோன்ட் யூ டேர்’ என்று வேறு சொல் வேண்டும்.

‘ஒரே’ என்று வரும் இடமெல்லாம் ‘தி ஒன்லி’ போடலாமா?

‘ஒரே’ மூன்று முகம் கொண்டது. ‘ஊருக்கு ஒரே வழி’ என்பதில் வேறு வழி இல்லை; அது ‘தி ஒன்லி வே’. ‘நாங்கள் இருவரும் ஒரே ஊர்’ என்பதில் ஊர் ஒன்றே. அது ‘தி சேம் டவுன்’. ‘மெஜஸ்டிக்கில் ஒரே கூட்டம்’ என்பதில் கூட்டம் மிகுதி. அதற்கு ‘வெரி க்ரவுடட்’ என்றால் போதும். முதல் முகத்துக்கு மட்டுமே ‘ஒன்லி’ பொருந்தும்.

உடன்பிறப்பு இல்லாதவர் ‘ஐ ஆம் அன் ஒன்லி சைல்ட்’ என்று ‘அன்’ போட்டுச் சொல்ல வேண்டும். ‘தி’ போடுவதாக இருந்தால், யாருக்கு, எந்த இடத்தில் என்பது கூடவே வர வேண்டும்: ‘ஷீ வாஸ் தி ஒன்லி சைல்ட் இன் தி ரூம்’ என்றால், அந்த அறையில் இருந்த ஒரே குழந்தை அவள், அவளுக்கு வீட்டில் நான்கு தம்பிகள் இருக்கலாம்.

‘இன்றைக்கே’ என்பதற்கு ‘டுடே ஒன்லி’ சரியா, ‘டுடே இட்செல்ஃப்’ சரியா?

‘டுடே ஒன்லி’ என்றால் ‘இன்று ஒரு நாள் மட்டும்’. துணிக்கடைத் தள்ளுபடிப் பலகையில் எழுதுவது. ‘டுடே இட்செல்ஃப்’ இந்தியாவுக்குள் செல்லும், வெளியே விநோதமாகத் தெரியும். ‘ஐ வில் சென்ட் இட் டுடே’ என்று சொல்லி நிறுத்திவிட்டாலே போதும். அவசரம் தெரிய வேண்டுமானால் ‘பிஃபோர் தி எண்ட் ஆஃப் தி டே’ என்று சேருங்கள்.

‘ஒன்லி’யில் வாக்கியத்தைத் தொடங்கினால் சொற்கள் இடம் மாறுவது ஏன்?

‘அப்போதுதான் எனக்குப் புரிந்தது’ என்பது ‘ஒன்லி தென் டிட் ஐ அண்டர்ஸ்டாண்ட்’ ஆகும். கேள்வி கேட்பதுபோல ‘டிட்’ முன்னால் வந்துவிடும். ‘ஒன்லி’யோடு சேர்ந்து காலமோ நிபந்தனையோ முதலில் வந்தால் இப்படி. ‘ஒன்லி முருகன் கேம்’ என்று எழுவாயோடு வந்தால் இடமாற்றம் இல்லை. பேச்சில் இந்த அமைப்பு அதிகம் வராது. எழுத்துத் தேர்வுக்குப் போகிறவர்கள் பழகிக்கொள்ளலாம்.

உச்சரிப்பு எப்படி?

தமிழில் ‘ஒன்லி’ என்று எழுதினாலும் முதலெழுத்து ‘ஓ’ போல நீண்டு ஒலிக்க வேண்டும். ‘ஒன்று’ என்பதைப் பேச்சில் ‘வொண்ணு’ என்று வகரம் சேர்த்துச் சொல்லும் பழக்கத்தால் பலர் ‘வொன்லி’ என்கிறார்கள். அந்த வகரம் வேண்டாம். இச்சொல்லே பழைய ஆங்கிலத்தில் ‘ஒன்று’, ‘போல’ என்ற இரு சொற்கள் சேர்ந்து பிறந்தது. பிற்காலத்தில் எண்ணுப்பெயர் ‘வன்’ என்று வகரம் ஏற்றுத் திரிந்துவிட்டது. ‘ஒன்லி’யிலும் ‘அலோன்’ என்பதிலும் அந்த வகரம் ஏறவில்லை. வகரம் ஏற்றும் ஆசை நமக்கு மட்டும் உரியதல்ல என்பது ஓர் ஆறுதல்.

காசோலையில் ‘ருபீஸ் ஃபைவ் ஹண்ட்ரட் ஒன்லி’ என்று பின்னால் எழுதுகிறோமே, அது தவறில்லையா?

தவறில்லை. ‘கேஷ் ஒன்லி’, ‘ஸ்டாஃப் ஒன்லி’, ‘மெம்பர்ஸ் ஒன்லி’ போன்ற அறிவிப்புகளிலும் காசோலையிலும் ‘ஒன்லி’ பின்னால் வருவதே வழக்கம். இங்கெல்லாம் அது பிரிநிலைப் பொருளிலேயே வருவதைக் கவனியுங்கள். காசோலையில் அதற்கு ஒரு காவல் வேலையும் இருக்கிறது. 1881ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 18ஆம் பிரிவின்படி, எண்ணால் எழுதிய தொகையும் எழுத்தால் எழுதிய தொகையும் வேறுபட்டால் எழுத்தால் எழுதியதே செல்லும். ஆகவே எழுத்துக்குப் பின்னால் இடம் விட்டுவைத்தால், வேறொருவர் அங்கே இன்னும் சில சொற்களைச் சேர்த்துத் தொகையைக் கூட்டிவிட முடியும்; ‘ஒன்லி’ அந்த இடத்தை அடைக்கிறது. சட்டம் அந்தச் சொல்லைக் கட்டாயப்படுத்தவில்லை என்றாலும், எழுதிவிட்டு மிச்ச இடத்தில் ஒரு கோடும் இழுத்துவிடுவது நல்லது. தமிழில் நிரப்பும்போது அதே இடத்தில் ‘ரூபாய் ஐந்நூறு மட்டும்’ என்று எழுதுகிறோம். ‘ஐந்நூறுதான்’ என்று எழுதிய காசோலையை நான் இதுவரை பார்த்ததில்லை.